சாறு காய்ச்சும் மின்நிலையம்

நெய்வேலியில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து வெள்ளையாக எழும்புவது புகை அல்ல, ஈரக் காற்று. பழுப்பு நிலக்கரியை எரித்துப் பெற்ற வெப்பத்தில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வீணாகப் போகிறது. வழக்கமான அனல் மின்நிலையங்களில் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது.

ஏன் இப்படி? மின்சாரம் எடுக்கும் சுழலியான டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி தண்ணீராக்கித்தான் கொதிகலனுக்கு அனுப்ப முடியும். அப்படித் தண்ணீராகும்போது ஒவ்வொரு கிலோ ஆவியும் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப்போல் எட்டு மடங்கு! ஆனால் அந்த ஆவி இருப்பதோ 40, 45 டிகிரியில். குளிக்க ஆகும், வேறு எதற்கு?

அதே கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலைகளின் கணக்கே வேறு. கரும்புச் சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். அதை வற்றவைக்க 120, 130 டிகிரி ஆவி போதும். ஆகவே அங்கே ஆவியைக் கடைசிவரை பிழிந்தெடுக்காமல், அந்தச் சூட்டிலேயே டர்பைனிலிருந்து வெளியே எடுத்துச் சாறு காய்ச்சும் கலன்களுக்கு அனுப்புகிறார்கள். கோபுரத்தின் வேலையைச் சாறு செய்துவிடுகிறது. ஒரு கிலோ ஆவிக்குக் கிடைக்கும் மின்சாரம் குறையும்தான்; ஆனால் மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் எரிபொருளில் 70 சதவீதத்துக்கு மேல் பயன்படுகிறது. இதுதான் இணை மின் உற்பத்தி.

எரிபொருளும் கரும்புதான். ஒரு டன் கரும்பில் சுமார் 300 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். முன்பு சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ அழுத்தமுள்ள கொதிகலன்களில் அதை எரித்து ஆலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது 67, 87, சில இடங்களில் 110 கிலோகூட. அழுத்தத்தையும் சூட்டையும் கூட்டக் கொஞ்சம் சக்கைதான் கூடுதலாகச் செலவாகும், ஏனென்றால் தண்ணீரை ஆவியாக்கும் பெரிய செலவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது. மின்சாரமோ கணிசமாகக் கூடும். மிஞ்சுவதை மின்வாரியத்துக்கு விற்கலாம்.

சரி, நெய்வேலியிலும் இதைச் செய்யலாமே? மின்சாரம் கம்பியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும், நீராவி போகாது. வெப்பத்தை வாங்குகிற ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கரும்பு அரவை முடிந்தபின் நிலக்கரியை எரித்து மின்சாரம் மட்டும் எடுக்கும் ஆலையும், அந்த மாதங்களில் ஒரு சிறிய அனல் மின்நிலையம்தான்.