கூடைவட்டு

டிஸ்க் கோல்ஃபுக்குத் தமிழில் என்ன பெயர்? கோல்ஃபைக் குழிப்பந்தாட்டம் என்கிறோம், டிஸ்க் என்றால் வட்டு. இரண்டையும் ஒட்டி 'வட்டுக் குழிப்பந்தாட்டம்' என்று எழுதிவிடலாம். ஆனால் இந்த விளையாட்டில் குழியும் இல்லை, பந்தும் இல்லை.

ஓரடிக்கும் குறைவான விட்டமுள்ள பிளாஸ்டிக் வட்டு ஒன்று. தொடங்குமிடத்தில் நின்று வீசுகிறோம். விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசுகிறோம். தூரத்தில் ஒரு கம்பத்தில் கூடை இருக்கும், அதன் மேல் சங்கிலிகள் தொங்கும். வட்டு சங்கிலியில் மோதி வேகம் தணிந்து கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவருக்கே வெற்றி.

கோல்ஃப் என்ற பெயர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. வில் பயிற்சியைக் கெடுக்கிறது என்று 1457இல் அங்கே நாடாளுமன்றமே அதைத் தடை செய்திருக்கிறது. அடிக்கும் கழியைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்பது பலர் கருத்து. அப்படியானால் கழியே இல்லாத ஆட்டத்துக்குக் கழியின் பெயர்! வீச்சுகளை எண்ணுவதும் விழுந்த இடத்திலிருந்து தொடர்வதும் கோல்ஃப் முறை என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்துத்தான் வீசினார்கள். ஃபிரிஸ்பி என்ற பறக்கும் வட்டைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென்றே ஓர் ஆடுகளம் அமைத்தார். சங்கிலிக் கூடைக்கு 1977இல் காப்புரிமை பெற்றார்.

டிஸ்க் இன்னும் பழைய சொல். கிரேக்கத்தில் 'திஸ்கோஸ்'. எறிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது என்பார்கள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சாப்பிடும் 'டிஷ்' ஆகவும் எழுதும் 'டெஸ்க்' ஆகவும் கிளைத்தது. நம் வட்டு செயலால் பெயர் பெற்றதில்லை, வடிவத்தால் பெற்றது. வட்டம், வட்டில் எல்லாம் அதன் சொந்தம். கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் தனித்தனியே நடந்து, கடைசியில் இரண்டுமே சாப்பாட்டுத் தட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

பள்ளி விளையாட்டு விழாவில் 'வட்டு எறிதல்' கேட்டவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனாலும் இந்தச் சொல்லின் உயிர் எனக்குப் பிடிபட்டது ஏற்காட்டில். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால், சித்தப்பாவின் காபித் தோட்டம். அறுவடை முடிந்த பிறகு, செடி இல்லாத ஒரு சரிவில், சில்வர் ஓக் மரத்தில் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் கூடையைக் கட்டினோம். முதல் வீச்சு மிளகுக் கொடியில் பட்டு அங்கேயே விழுந்தது. இரண்டாவது மரங்களுக்கு நடுவே நேராகப் போனது. அப்புறம் வேகம் குறைந்து இடப்பக்கம் வளைந்து, விளிம்பில் நின்று தரையைத் தொட்டது. சரிவில் விளிம்பு நின்றால் அவ்வளவுதான், வட்டு சக்கரமாகிவிடும். காபிச் செடிகளைத் தாண்டி மண்பாதை வரை உருண்டு போனது. கீழே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா குரல் கொடுத்தார்: "தம்பி, உங்க வட்டு இங்க கெடக்குது பாருங்க!"

அவருக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லித் தரவில்லை. பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

வட்டு விளையாட்டுச் சொல்லாகவே நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது. நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேப்பமரத்துப் புள்ளி நிழலில் சிறுவர்கள் தரையில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குப் பாட்டு தரும் பெயர் 'வட்டு அரங்கு'. "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்று குறளும் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்தே வைக்கிறது. அந்த வட்டு பறக்கவில்லை, வேறு ஆட்டம், சரி. ஆனால் மரநிழல், வட்டு, அதற்கென வகுத்த இடம் மூன்றும் அங்கே இருக்கின்றன. அதனால் ஆடுகளத்தைக் குறிக்கும் 'கோர்ஸ்' என்பதற்கு நான் அரங்கு என்றே சொல்கிறேன். மைதானம் என்றால் சமதரைதான் மனதில் வரும். சேர்வராயன் மலையில் அதற்கு எங்கே போவது?

ஆட்டத்தின் பெயருக்கு, கூடைப்பந்து போலக் கூடைவட்டு. இன்னொரு ஆசையும் இருந்தது. சங்கப் பாடல்களில் ஓலைப்பெட்டிக்கு 'வட்டி' என்று பெயர். மீனைக் கொட்டிக் கொடுத்த பாண்மகளின் வட்டியில் பயறு நிறைத்து அனுப்புகிறார்கள். வட்டியில் வட்டு விழுகிறது என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு அழகு! ஆனால் இன்றைக்கு வட்டி என்றால் கடன்தான் நினைவுக்கு வரும். கூடையே இருக்கட்டும்.

வினைச்சொல்லையும் பார்க்க வேண்டும். எறிதல் கல்லுக்குப் பொருந்தும். வலையை வீசுகிறோம், காற்று வீசுகிறது; கையைச் சுழற்றிக் காற்றில் ஒப்படைக்கும் இந்தச் செயலுக்கு வீசுதல் நெருக்கம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டையும் சொல்வதில்லை. பட்டம் விடுவது போல, "அண்ணா, நான் ஒருதடவ வட்டு விடட்டா?" என்றுதான் கேட்கிறார்கள்.