ஊசி நகரும் நேரம்

அக்கா மகளின் லேப்டாப்புக்கு ஒன்பது வயது. பொத்தானை அழுத்திவிட்டுப் பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். 4 ஜிபி நினைவகத்தில் இன்னும் இடம் இருந்தது. கோப்புகளைச் சேமித்துவைக்கும் ஹார்ட் டிஸ்க் மட்டும் 100 சதவீத வேலையில் முட்டிக்கொண்டு நின்றது.

ஹார்ட் டிஸ்க் என்பது ஏறக்குறைய ஓர் இசைத்தட்டுப் பெட்டி. காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடு சுழல்கிறது. ஊசி போன்ற கை அதன்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து படிக்கிறது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது வினாடிக்கு 90. கை சரியான தடத்துக்குப் போய்ச் சேரச் சுமார் 12 மில்லிவினாடி. பிறகு, வேண்டிய இடம் சுழன்று ஊசிக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும்: சராசரியாக அரைச் சுற்று, 5.5 மில்லிவினாடி. கூட்டினால் 17.5. வினாடிக்கு 60 இடங்கள்கூடத் தேறாது. விண்டோஸ் எழுந்து வரும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்கிறது. திரைப்படம் தடங்கலின்றி ஓடும் அதே கணினி, பிரவுசரைத் திறக்கத் திணறுவது இதனால்தான். படம் வரிசையாகப் படிக்கப்படுகிறது. ஊசி அலைய வேண்டியதில்லை.

ஹார்ட் டிஸ்குக்கு மாற்றாக வந்த சேமிப்பகமான எஸ்எஸ்டியில் அசையும் உறுப்பே கிடையாது. மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய சிறைக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைப்பதுதான் அதன் வேலை. மின்சாரம் போனாலும் அவை வெளியேறுவதில்லை. தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1984-இல் இந்த நினைவகத்தை அறிவித்தார். ஒரு தொகுதி முழுவதும் ஒரே நொடியில் அழிவது கேமரா ஃபிளாஷை நினைவூட்டியதால் 'ஃபிளாஷ்' என்ற பெயர் வந்தது. எந்த மூலையில் இருக்கும் தகவலும் சுமார் 0.1 மில்லிவினாடியில் கைக்கு வந்துவிடும்.

ரேம் இன்னும் வேகம்: ஏறக்குறைய 100 நானோவினாடி. இந்த எண்கள் மனத்தில் ஒட்டாது. ரேமிலிருந்து எடுப்பது சமையல் மேடையில் இருக்கும் உப்பை ஒரு வினாடியில் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் எஸ்எஸ்டி, தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போய்வரும் 17 நிமிடம். ஹார்ட் டிஸ்க், இரண்டு நாள் ரயில் பயணம்!

அப்படியானால் ரேம் எப்போது உதவும்? மேடை நிரம்பி வழியும்போது. இடம் போதாவிட்டால் கணினி, கொஞ்ச நேரமாகத் தொடாத தகவல்களை 4 கிலோபைட் துண்டுகளாக டிஸ்குக்கு அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப அழைக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் அந்த ரயில் பயணம். இருபது டேப் திறந்துவைப்பவருக்கு 8 ஜிபி பெரிய நிம்மதி. ஏற்கெனவே இடம் மிச்சமிருந்தால் மேலும் ரேம் போடுவது காலி இருக்கைகளைக் கூட்டுவது போலத்தான். பஸ் வேகமாக ஓடாது. ஒன்றுக்குத்தான் பணமிருக்கிறது என்றால், பழைய கணினிக்கு நான் யோசிக்காமல் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன்.

வாங்கும்முன் பொருத்தம் பார்க்க வேண்டும். ரேமில் டிடிஆர்3, அதற்குப் பின் வந்த டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு: மடிக்கணினிக்கான டிடிஆர்3 அட்டையில் 204 கால்கள், டிடிஆர்4-இல் 260. விளிம்பில் உள்ள வெட்டின் இடமும் வேறு. மாற்றிச் செருக முடியாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மெல்லிய அட்டை வடிவிலான எம்.2 வகை எஸ்எஸ்டிதான் ஏமாற்றும்: தகவலை அனுப்பும் முறையில் வேறுபடும் சாட்டா, என்விஎம்இ இரண்டும் பார்க்க ஒரே சாயல். சில மெல்லிய கணினிகளில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே திருப்புளிக்கு வேலையில்லை.

அக்கா மகளின் கணினியைக் கவிழ்த்துப் பன்னிரண்டு திருகாணிகளைக் கழற்றினோம். முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கொன்றுவிடும் என்பதால் இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தோம். அவள் ஆசைக்காக ஒரு ரேமும் வாங்கியிருந்தேன். அட்டையைச் சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அழுத்தினாள். இரு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடித்தன. ஹார்ட் டிஸ்க் இருந்த குழியில், அதிலிருந்த விண்டோஸையும் கோப்புகளையும் முன்பே நகலெடுத்து வைத்திருந்த இரண்டரை அங்குல எஸ்எஸ்டி அப்படியே உட்கார்ந்தது.

மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். நான் பால் பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே உள்ளிருந்து "வந்துவிட்டது மாமா" என்று குரல். பழைய டிஸ்கை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு, குடும்பப் புகைப்படங்களை ஏற்றி அலமாரியில் வைத்திருக்கிறோம். எஸ்எஸ்டி சாகும்போது பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமல் சாகிறது. ஹார்ட் டிஸ்காவது பல நேரம் கடகடவென்று முனகிக் காட்டும்.