இடுப்பு முறிவின் வலியைத் தணிக்கும் ஊசி

பிரிட்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த தம் தாயாருக்கு, அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே தொடை இடுக்கின் அருகில் ஊசி போட்டார், அரை மணி நேரத்தில் முனகல் அடங்கியது. எலும்பு முறிந்தபடியே இருக்க, வலி மட்டும் எப்படிக் குறைந்தது?

இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை, குறிப்பாக அதன் கழுத்துப் பகுதி, முறிவதையே குறிக்கும். அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கட்டுப்போட்டுப் படுக்க வைத்தால் எலும்பு கூடிவிடும் என்று நம்பி, முதியவரை வாரக்கணக்கில் வீட்டில் கிடத்துவதை நான் வன்மையாக மறுக்கிறேன். விலகிப்போன கழுத்து முறிவு வெளிக்கட்டுக்கு அடங்குவதில்லை, படுக்கைப்புண்ணும் சளிக்காய்ச்சலும்தான் மிஞ்சும்.

அறுவை சிகிச்சை வரையிலான வலிக்கு மார்ஃபின் கொடுப்பது பழைய வழக்கம். எண்பது வயதில், சிறுநீரகம் தளர்ந்த உடலில், அதன் சிதைபொருள்கள் தேங்கி மூச்சை மந்தமாக்கலாம், மனக்குழப்பத்தையும் கொண்டுவரலாம். வலியை அப்படியே விட்டாலும் அதே குழப்பம் வரும். நரம்பை மரக்கச் செய்யும் ஊசி இந்தக் குழப்பம் நேரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது.

மரப்பு மருந்து நரம்பிழைக்குள் சோடியம் நுழையும் வாயில்களை அடைத்துவிடுவதால் வலிச்செய்தி மேலே செல்வதில்லை என்பது பலரும் அறிந்ததே. என்னை வியக்க வைப்பது அந்த மருந்து வைக்கப்படும் இடம். இடுப்பின் உட்புறத்திலிருந்து தொடைக்கு இறங்கும் தசையின் மேல் ஃபேசியா இலியாக்கா என்னும் மெல்லிய, உறுதியான சவ்வு போர்த்தியிருக்கிறது. இடுப்பு மூட்டின் முன்பக்க உணர்வில் பெரும்பங்கு வகிக்கும் தொடை நரம்பும், தொடையின் வெளிப்புறத் தோலுக்குச் செல்லும் நரம்பும் அந்தச் சவ்வுக்கு அடியில்தான் ஓடுகின்றன. ஆகவே நரம்பைத் தேடிக் குத்த வேண்டியதில்லை; நரம்பிலிருந்தும் தமனியிலிருந்தும் தள்ளி, சவ்வுக்குக் கீழே 30 முதல் 40 மி.லி. வரை நீர்த்த மருந்தைச் செலுத்தினால், அது தானே பரவி நரம்புகளைச் சென்று நனைக்கிறது. 1989-இல் டாலென்ஸ் குழுவினர் குழந்தைகளிடம் இம்முறையை விவரித்தபோது, ஊசி இந்தச் சவ்வையும் அதற்கு மேலுள்ள மற்றொரு சவ்வையும் துளைக்கையில் கைக்குத் தெரியும் இரண்டு மெல்லிய அதிர்வுகளே வழிகாட்டின.

இன்று அந்த அதிர்வுக்குப் பதிலாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் திரை இருக்கிறது. துடிக்கும் கறுப்பு வட்டமாகத் தமனி, அதன் வெளிப்பக்கத்தில் வெண்மையான முக்கோணமாகத் தொடை நரம்பு, அதன்மேல் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகச் சவ்வு. முதலில் ஓரிரு மி.லி. உப்புநீரைச் செலுத்திப் பார்ப்பார்கள். இடம் சரியாக இருந்தால் கோட்டுக்கும் தசைக்கும் இடையே ஒரு கறுப்புக் கீற்று விரிந்து, வெள்ளைக் கோட்டை மேலே தூக்கியபடி நரம்பை நோக்கி நகரும். தசை உப்பினாலோ, கோட்டுக்கு மேலே நீர் தேங்கினாலோ ஊசியைச் சரிசெய்ய வேண்டும்.

பயிற்சியின் கடினம் ஊசியைக் காண்பதில் இருக்கிறது. ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலிக்கற்றையின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். கை சற்று விலகினால் ஊசி திரையிலிருந்து மறைந்துவிடும். செங்குத்தாக இறக்கினாலும், கண்ணாடியில் சாய்வாக அடித்த டார்ச் வெளிச்சம் வேறுபக்கம் தெறிப்பதுபோல, எதிரொலி கருவிக்குத் திரும்புவதில்லை. திரையில் தெரிவது முனையா, ஊசித்தண்டின் நடுப்பகுதியா என்ற குழப்பமும் உண்டு. அதனால் முதலில் ஜெலட்டின் கட்டியிலோ இறைச்சித் துண்டிலோ பழகி, தன்னார்வலர்களின் உடலில் ஊசியின்றிச் சவ்வைக் கண்டுபிடிக்கக் கற்று, பிறகே மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியிடம் வருகிறார்கள்.

கணக்கும் பாடத்தின் பகுதி. புபிவக்கெய்ன் என்னும் மரப்பு மருந்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. என்று வரம்பு வைத்தால், 40 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு 80 மி.கி.; 0.25 சதவீதக் கரைசலில் அது 32 மி.லி. மட்டுமே. மருந்து இரத்தக்குழாயில் புகுந்தால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரலாம் என்பதால், அதன் நச்சை முறிக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முறிந்தது எந்தக் கால் என்று ஊசி நுழையும் கணத்துக்கு முன் நின்று மறுபடி உறுதிசெய்யும் வழக்கத்தையும் பிரிட்டனில் ‘ஸ்டாப் பிஃபோர் யூ பிளாக்’ என்ற பெயரில் கற்பிக்கிறார்கள். வலி முழுவதும் போய்விடும் என்று யாரும் உறுதி தருவதில்லை. மூட்டுக்கு வரும் மற்றொரு நரம்பான ஆப்டுரேட்டரை மருந்து பல நேரம் எட்டுவதில்லை.

இலக்கு ஒரு நரம்பாக இல்லாமல் அகன்ற ஒரு தளமாக இருப்பதால்தான், மயக்க மருந்து நிபுணருக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவு மருத்துவரே இதைக் கற்றுச் செய்ய முடிகிறது. புதிய மருந்துகளைத் தேடுவதற்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு சிறு பங்காவது, கையிலுள்ள இத்தகைய திறனை எப்படிக் கற்பிப்பது, ஆறு மாதம் கழித்தும் அது கையில் நிற்கிறதா என்று ஆராய்வதற்குச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவசரப் பிரிவில் இளம் மருத்துவர்கள் சுழற்சி முறையில் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே கருவி வாங்க ஒதுக்கும் பணத்தோடு, ஒவ்வொரு அணிக்கும் புதிதாகக் கற்பிக்கும் மூத்தவரின் நேரத்தையும் பணிப்பட்டியலில் எழுதி ஒதுக்க வேண்டும்.