கெட்டோவில் பார்த்த வேலைக்கு ஓய்வூதியம்: ஜெர்மனியின் சட்டம் என்ன சொல்கிறது?

நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோக்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஜெர்மனி மாத ஓய்வூதியம் தருகிறது. இது நஷ்டஈடு இல்லை, செய்த வேலைக்கான ஓய்வூதியம். 1997-ல் ஜெர்மனியின் சமூகநல உச்ச நீதிமன்றம் போலந்தின் வூச் கெட்டோ வழக்கில், அங்கே பார்த்ததும் வேலைதான் என்று தீர்ப்பளித்தது. 2002-ல் சட்டம் வந்தது.

நிபந்தனைகள் மூன்று. கெட்டோவில் கட்டாயமாக வசித்திருக்க வேண்டும், வேலையைத் தன் விருப்பத்தில் ஏற்றிருக்க வேண்டும், அதற்குக் கூலி வாங்கியிருக்க வேண்டும். அடித்து வாங்கிய கட்டாய உழைப்பு இதில் வராது, அதற்கு வேறு நிதி இருந்தது.

விருப்பம் என்ற அந்த ஒரு சொல்தான் ஆயிரக்கணக்கான முதியவர்களை அலைக்கழித்தது. வூச்சில் 1940-ல் சுமார் 1,60,000 பேரை அடைத்து, ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைக்க வைத்தார்கள். வேலை இருந்தால்தான் சூப்பும் ரொட்டியும். 1942 செப்டம்பரில் 10 வயதுக்குக் குறைந்த குழந்தைகள், 65 வயது தாண்டியவர்கள், நோயாளிகள் என்று வேலைக்கு ஆகாதவர்களைப் பிரித்தெடுத்து ஹெல்ம்னோ கொலை முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலானோரை 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். அதில் தப்பிப் பிழைத்து வந்தவரிடம் "நீங்களாக விரும்பித்தான் வேலைக்குப் போனீர்களா, சம்பளம் எவ்வளவு" என்று விண்ணப்பத்தில் கேட்டால் என்ன பதில் எழுதுவார்? சுமார் 70,000 விண்ணப்பங்கள் வந்தன, ஆரம்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தள்ளுபடி. எனக்கு இது மன்னிக்கவே முடியாத விஷயமாகப் படுகிறது.

2009-ல்தான் நீதிமன்றம் வழி விட்டது. உயிர் பிழைக்க வேலை தேடிப் போனதும் விருப்பம்தான், சாப்பாடும் ரேஷன் கூப்பனும்கூடக் கூலிதான், வேலை பார்த்தபோது சிறுவர் சிறுமியாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொன்னது. பழைய கோப்புகளைத் திரும்ப எடுத்தார்கள், ஆனால் நிலுவை நான்கு வருடத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு 1997 ஜூலை 1-லிருந்தே கணக்கிட்டு வாங்க வழி வந்தது, விண்ணப்பக் கெடுவும் போனது. போலந்திலேயே வசித்தவர்கள் அதுவரை வெளியே நின்றார்கள், இரு நாட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு 2015-ல்தான் அவர்களுக்கும் வந்தது.

விண்ணப்பம் ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். பிழைத்தவர் இறந்துவிட்டால் கணவனோ மனைவியோ வாழ்க்கைத்துணை ஓய்வூதியம் கேட்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு இதில் உரிமை இல்லை.