பிரேக் ஆறும்வரை பொறுங்கள்

"பிரேக் சூடாக இருக்கிறது, புறப்பட இன்னும் கொஞ்ச நேரமாகும்" என்று பைலட் அறிவித்தால் உள்ளே முணுமுணுப்பு கிளம்பிவிடும். பெங்களூரு விமான நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கும் எனக்கு இது பழகிய சத்தம். கோவைக்குப் போகவேண்டிய பெரியவர் ஒருவர் படிக்கட்டருகே நான் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க தம்பி, பிரேக் கெட்டுப்போச்சுங்களா?" என்றார். "இல்லைங்க ஐயா, நல்லா பிடிச்சதால வந்த சூடு" என்றேன்.

ஏர்பஸ் ஏ320 ஒன்று சுமார் 60 டன் எடையோடு, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. அதை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு கார்பன் பிரேக் தட்டுகளுக்கு. அந்த வேகத்தின் பெரும்பகுதி அங்கே வெப்பமாகிவிடும். எங்கள் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரம். காற்று லேசாக இருப்பதால் சென்னையைவிட இங்கே தரைவேகம் கூடும்; நிறுத்தவேண்டிய ஆற்றலும் சுமார் 9 சதவீதம் கூடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, விமானம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் திரையில் சூடு ஏறிக்கொண்டே போகும் என்பது. தட்டுகளின் உள்ளே இருக்கும் வெப்பம் மெதுவாகத்தான் வெளியே பரவும். விமானி அறைத் திரையில் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். அந்த நிலையில் புறப்பட்டு, ஓடுபாதையில் வேகமெடுத்தபின் நிறுத்தவேண்டி வந்தால், முழு எரிபொருளோடு இருக்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்த பிரேக்கில் திறன் மிச்சமிருக்காது. மேலே ஏறிவிட்டாலும் ஆபத்து தீராது. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் போயிங் 727 ஒன்றின் பிரேக் விடுபடாமல் உரசியபடியே இருந்து, சூடான டயர் உள்ளே மடங்கிய பிறகு வெடித்தது. அதில் எரிய உதவாத நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று அடைத்திருந்தார்கள். விமானம் விழுந்து 167 பேர் இறந்தார்கள்.

சூட்டில் டயர் வெடிக்காமல் இருக்கத்தான் சக்கரத்தில் உருகும் அடைப்பான்கள் வைத்திருக்கிறார்கள். அளவுமீறிச் சூடானால் அவை உருகி, டயர் வெடிக்காமல் காற்று இறங்கிவிடும். சூடான சக்கரத்தருகே நாங்கள் முன்னாலோ பின்னாலோ இருந்துதான் போவோம், பக்கவாட்டில் ஒருபோதும் இல்லை. வெடித்தால் சிதறுவது அந்தப் பக்கம்தான். பிரேக் ஆறியதும் பார்க்கிங் பிரேக் போட்டு, தேய்மானம் காட்டும் சிறு கம்பியைக் குனிந்து பார்ப்போம். அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரி. விளிம்போடு சமமாகிவிட்டால் பிரேக்கை மாற்றியாக வேண்டும்.

அப்புறம் ஸ்டீயரிங். இழுவை வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளும்போது முன்சக்கரத் திருப்பியைச் செயலிழக்க வைக்க ஒரு சிறு உலோக முளையைச் செருகுவோம். தள்ளி முடித்ததும் அதை உருவி, அதிலுள்ள சிவப்பு நாடாவைப் பைலட்டுக்குத் தூக்கிக் காட்டிய பிறகே விமானம் நகரும். ஓடும் வழியில் ஸ்டீயரிங் மக்கர் செய்தால் அங்கேயே நிறுத்தி இழுவை வண்டியை வரவழைப்பதுதான் சரி.

இணைப்பு விமானம் தவறும் என்றால் பணிப்பெண்ணிடம் உடனே சொல்லுங்கள்; தரை ஊழியர்களுக்குத் தகவல் போகும். ஆனால் சீட்பெல்ட் விளக்கு அணையும்வரை எழுந்து மேலே பையை எடுக்காதீர்கள். மெதுவாகப் போகும் விமானமும் சட்டென்று பிரேக் போடும். அந்தப் பை முன்வரிசைக் குழந்தையின் தலையில் விழலாம்.