ஏழு வயதுக் கால்களும் எதிர்காற்றும்

இங்கிலாந்தின் ரட்லண்ட் கவுன்டியில், க்வாஷ் ஆற்றின் பள்ளத்தாக்கை மறித்து 1970களில் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் ரட்லண்ட் வாட்டர். பரப்பளவில் அந்நாட்டிலேயே பெரியது. கரையைச் சுற்றி ஓடும் சைக்கிள் பாதை சுமார் 27 கிலோமீட்டர். நீருக்கு நடுவே நீண்டிருக்கும் ஹாம்பிள்டன் தீபகற்பத்தையும் சேர்த்தால் 37 கிலோமீட்டர். பெரும்பகுதி கார்கள் வராத சரளைப் பாதை. மான்டன், எகில்டன் போன்ற ஊர்களில் கொஞ்ச தூரம் அமைதியான தெருக்களில் ஓட்ட வேண்டியிருக்கும். வாடகை சைக்கிளும் கார் நிறுத்துமிடமும் வடகரையில் உள்ள விட்வெல்லில் கிடைப்பதால் குழந்தைகளோடு வருகிற பலர் அங்கிருந்துதான் கிளம்புகிறார்கள்.

போக்குவரத்து இல்லாததால் இது எளிய பாதை என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். குழந்தை சோர்ந்துபோவதற்கு இங்கே தூரத்தைவிடக் காற்றே பெரிய காரணம். அதைத் தெரிந்துகொண்டால் எந்தத் திசையில் சுற்றுவது, யார் எந்தப் பக்கம் ஓட்டுவது, எங்கே நிற்பது எல்லாம் தானாகவே முடிவாகிவிடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஏழு வயதுக் குழந்தை 25 கிலோ, சைக்கிள் 9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கெட்டிப்பட்ட சரளையில் டயர் உருள்வதற்கான எதிர்ப்பு ஏறக்குறைய 4 நியூட்டன். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போக, உருளும் எதிர்ப்பையும் காற்றின் எதிர்ப்பையும் சேர்த்துச் சுமார் 21 வாட் போதும். இப்போது குழந்தையின் உயரத்தில் மணிக்கு 18 கி.மீ. எதிர்காற்று வீசட்டும். அதே 12 கி.மீ. வேகத்துக்கு 62 வாட் தேவைப்படும். மூன்று மடங்கு! காற்றின் எதிர்ப்பு, காற்றுக்கும் நமக்கும் இடையிலான வேகத்தின் இருமடியில் ஏறுவதுதான் காரணம்.

பெரியவர்களுக்கும் அதே காற்றுதானே? காற்று அதேதான், ஆனால் சுமை அதே அளவில் இல்லை. உடல் சிறியதாகும்போது எடையும் தசையும் குறைகிற வேகத்துக்கு, காற்றை எதிர்கொள்ளும் பரப்பு குறைவதில்லை. 80 கிலோ பெரியவர் இதே காற்றில் இதே வேகத்தில் போகச் சுமார் 120 வாட் வேண்டும். அவர் உடலின் ஒரு கிலோவுக்கு 1.5 வாட். குழந்தைக்கோ ஒரு கிலோவுக்கு 2.5 வாட். அப்பாவுக்கு மெல்லிய காற்றாகத் தெரிவது பிள்ளைக்கு மலையேற்றம். "இவ்வளவு தூரம் நன்றாகத்தானே வந்தாய், இப்போது என்ன?" என்று கேட்பது நியாயமே இல்லை.

சுற்றுப்பாதையில் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சமனாகிவிடும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அதே குழந்தை சீராக 30 வாட் கொடுத்து மிதிக்கிறது என்று கொள்வோம். காற்றில்லாத நாளில் வேகம் மணிக்கு 14.5 கி.மீ.; 20 கி.மீ. கடக்க 83 நிமிடம். மேற்சொன்ன காற்றில், எதிர்த்துப் போகும் 10 கி.மீ. தூரத்தில் வேகம் 7.5 ஆக விழுந்து 80 நிமிடம் பிடிக்கும். பின்காற்றோடு திரும்பும் 10 கி.மீ., மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் 25 நிமிடத்தில் முடியும். மொத்தம் 105 நிமிடம். மெதுவாகப் போகும் பகுதியில்தான் நேரம் அதிகம் கழிகிறது, அதனால் எதிர்காற்றில் இழந்ததைப் பின்காற்று ஒருபோதும் முழுதாகத் திருப்பித் தராது. வானிலை முன்னறிவிப்பில் வரும் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. குழந்தையின் உயரத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். ஆகவே முன்னறிவிப்பில் மணிக்கு 27, 28 கி.மீ. என்று பார்த்தால் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். அன்றைக்கு முழுச் சுற்றை விட்டுவிட்டுப் பாதி தூரம் போய்த் திரும்புவதே நல்லது.

இங்கிலாந்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று. விட்வெல்லிலிருந்து மேற்கு நோக்கி, அதாவது நீர் எப்போதும் இடப்பக்கம் இருக்கும்படி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கிளம்பினால், கால்கள் புதிதாக இருக்கும்போதே எதிர்காற்றை முடித்துவிடலாம். பார்ன்ஸ்டேல் பக்கத்து மரங்களும் கொஞ்சம் மறைவு தரும். மான்டனில் திரும்பிய பிறகு தென்கரை முழுவதும் காற்று முதுகில். தலைகீழாகச் சுற்றினால் முதல் பாதி பறந்து போய்விட்டு, களைத்த கால்களோடு காற்றை எதிர்க்க நேரும். காற்று கிழக்கிலிருந்து வரும் நாளில் இந்த விதியும் தலைகீழாகும். எனவே கிளம்பும் காலையில் திசையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

காற்றை மறைப்பது பெரியவரின் வேலை. நேர் எதிர்காற்றில் முன்னால் ஓட்டினால் போதும். சாய்வாக வரும் காற்றில் அது பலிக்காது. காற்று வரும் பக்கத்தில் அரைச் சைக்கிள் நீளம் முன்னே, குழந்தைக்கு இணையாக ஓட்ட வேண்டும். வடகரையில் மேற்கே போகும்போது தென்மேற்குக் காற்று இடது முன்பக்கத்திலிருந்து வரும், ஆகவே பெரியவர் இடப்பக்கம். எகில்டனிலிருந்து மான்டன் நோக்கித் தெற்கே திரும்பியதும் அதே காற்று வலது முன்பக்கத்துக்கு மாறும். பெரியவரும் வலப்பக்கம் மாற வேண்டும். எதிரே ஆள் வந்தால் உடனே ஒற்றை வரிசை, பாதையின் இடது ஓரம். பின்சக்கரத்தை ஒட்டி வரச் சொல்வது மட்டும் கூடாது. குழந்தைகள் இடைவெளியைக் கணிக்கத் தடுமாறுவார்கள். முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்தில் உரசினால் விழுவது குழந்தைதான்.

அடுத்தது ஏற்றம். பாதையில் பெரிய மலை கிடையாது, ஆனால் குட்டையான செங்குத்து ஏற்றங்கள் உண்டு, ஹாம்பிள்டன் தீபகற்பத்தில் அதிகம். இங்கே கியர்தான் எல்லாம். 20 அங்குலச் சக்கரம், முன்னால் 32 பல், பின்னால் 16 பல் உள்ள கியர் இல்லாத சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 3 மீட்டர் நகரும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 30 வாட் கொடுத்தால் வேகம் மணிக்கு 3.5 கி.மீ. மட்டுமே. அப்போது பெடல் நிமிடத்துக்கு 20 சுற்றுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த வேகத்தில் சமநிலை நிற்காது, சைக்கிள் தள்ளாடிச் சாயும். பெடலில் கொடுக்க வேண்டிய சராசரி விசையும் குழந்தையின் எடையில் ஏறக்குறைய பாதி. பின்னால் 28 பல் இருந்தால் விசை அதில் பாதிக்குச் சற்று மேல்தான், கால்களும் அதற்கேற்ப வேகமாகச் சுற்றும். வாடகைக்கு எடுக்கும்போது நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்க்காமல் பின்னாலிருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணிப் பாருங்கள். கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றப் பழக்க வேண்டும். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் துள்ளும், சிலசமயம் கழன்றே போகும்.

டயர் காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை அடித்துவிடுவார்கள். 34 கிலோ மொத்த எடைக்கு, 1.75 அங்குல அகலமுள்ள டயரில் 25 முதல் 30 பி.எஸ்.ஐ. போதும். அதற்கு மேல் போனால் டயர் கல்லை உள்வாங்கி உருளாமல் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளலில் வீணாகும் ஆற்றலும் குழந்தை மிதித்துச் சேர்த்ததுதான். 20க்குக் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

பாதையில் ஆடுகள் மேயும் இடங்கள் வரும். அவை தாண்டாமலிருக்கத் தரையில் குறுக்காக இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். கம்பிகளின் இடைவெளி 13 செ.மீ. என்றால், பெரியவர் சக்கரம் அதில் 6 மி.மீ. இறங்கும், 20 அங்குலச் சக்கரம் 9 மி.மீ.; 12 அங்குலச் சக்கரம் 14 மி.மீ. சின்னச் சக்கரத்துக்கு அது குலுக்கல் அல்ல, மோதல். நேர்க்குறுக்காக, பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்க வேண்டும். மழையில் நனைந்த இரும்பில் டயர் பிடிக்காது. 16 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள சைக்கிள்களை இறங்கிப் பக்கத்துக் கேட் வழியே தள்ளிக்கொண்டு போங்கள்.

பிரேக் லீவர் குழந்தையின் விரலுக்கு எட்டுகிறதா என்பதைக் கிளம்பும் முன் பார்க்க வேண்டும். விரல்நுனி மட்டும் தொட்டால் இறக்கத்தில் வலு கிடைக்காது; லீவரில் உள்ள சிறு திருகை முறுக்கினால் அது ஹேண்டில் பக்கம் நெருங்கி வரும், பிறகு கம்பியின் தளர்வையும் சரிசெய்ய வேண்டும். பிரிட்டனில் வலது லீவர் முன்பிரேக். சரளை இறக்கத்தில் வலதை மட்டும் இறுக்கினால் முன்சக்கரம் வழுக்கிவிடும். இரண்டையும் சேர்த்து, விட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு சுலபம். 30 வாட் வீதம் இரண்டரை மணி நேரம் மிதித்தால், உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒன்றே பெடலுக்குப் போகிறது என்று வைத்து, சுமார் 320 கிலோகலோரி செலவாகும். மூன்று வாழைப்பழத்தைவிடச் சற்று அதிகம். குழந்தையின் தசையில் சேமிப்பு குறைவு என்பதால் பசி வரும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை பாதிப் பழம், 20 நிமிடத்துக்கு நாலைந்து மடக்குத் தண்ணீர். பின்சீட்டிலோ இழுவண்டியிலோ உட்கார்ந்து வரும் சின்னக் குழந்தை மிதிக்காததால் அதன் உடலில் வெப்பம் குறைவாகவே உண்டாகிறது, காற்றோ அப்படியே படுகிறது. நீங்கள் வியர்த்துக்கொண்டிருக்கும் போதே அது நடுங்கிக்கொண்டிருக்கலாம். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். கை சில்லிட்டிருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

சுற்றுப்பாதைக்கு ஒரு குணம் உண்டு: பாதியைத் தாண்டிவிட்டால் திரும்புவதைவிட முன்னே போவதே கிட்டம். அதனால் முடிவெடுக்கும் இடம் பாதிக்கு முன்பே இருக்க வேண்டும். இங்கே அது ஓக்கம் நகரின் அருகே, கால் பங்கு தாண்டும் இடத்தில் வருகிறது. ஹாம்பிள்டனுக்குத் திரும்புவதா, நேரே போவதா, விட்வெல்லுக்கே திரும்புவதா என்று அங்கே தீர்மானியுங்கள். ஓக்கமில் ரயில் நிலையமும் இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே என்றால் ஹாம்பிள்டனை விட்டுவிடலாம். அதன் ஏற்றங்கள் பாதி வழியில் கால்களைத் தின்றுவிடும். தென்கரையில் நிற்கக் காரணங்கள் நிறைய: லிண்டன் பக்கத்து மறைவிடங்களிலிருந்து மீன்பிடிப் பருந்துகளைப் பார்க்கலாம். 1996இல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து குடியேற்றத் தொடங்கி, 2001இல் இங்கேயே முதன்முதலாகக் குஞ்சு பொரித்த பறவைகள் அவை. 2021இல் சுமார் 10 மீட்டர் நீள இக்தியோசார் (டைனோசர் காலத்துக் கடல் ஊர்வன விலங்கு) எலும்புக்கூடு கிடைத்ததும் இந்த ஏரியின் காப்பகத்தில்தான்.

கடைசிக் கட்டம் அணை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேராக, மரமே இல்லாமல், இடப்பக்கம் முழு ஏரியின் நீளமும் திறந்து கிடக்கும். தென்மேற்குக் காற்று தடையில்லாமல் நீரைக் கடந்து வந்து இடது பின்பக்கத்தில் அடிக்கும். மொத்தம் 34 கிலோதான் என்பதால் ஒரு வீச்சு குழந்தையை வலப்பக்கம் அரை மீட்டர் நகர்த்திவிடும். நீர்ப்பக்கம் பெரியவர் ஓட்டட்டும், குழந்தைக்கு வலப்பக்கம் ஒரு மீட்டராவது வெறுமையாக இருக்கட்டும், இரண்டு கையும் ஹேண்டிலில், தண்ணீர் குடிப்பது அணைக்குப் பிறகு.