சளியின் நிறம் வேண்டாம், மூச்சை எண்ணுங்கள்

"சளி பச்சையா வருது, ஸ்ட்ராங்கா ஒரு மாத்திரை கொடுங்க." மருந்துக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. அந்தப் பச்சை கிருமியின் நிறம் அல்ல. கிருமியோடு மோதப் போகும் நம் வெள்ளையணுக்களுக்குள் இரும்பு கலந்த ஒரு நொதி இருக்கிறது; அதுதான் பச்சை. வைரஸ் வந்தாலும் பாக்டீரியா வந்தாலும் வெள்ளையணுக்கள் திரளும், சளி நிறம் மாறும்.

பார்க்க வேண்டியது, தொற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை. மூச்சுக்குழாயோடு நின்றால் பிராங்கைட்டிஸ். பெரும்பாலும் வைரஸின் வேலை, ஆன்டிபயாட்டிக் கேட்காது. காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் மூன்று வாரம்வரை இழுக்கும். ஆனாலும் நம் ஊரில் இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

குழாயின் நுனியிலுள்ள காற்றுப்பைகளில் நீரும் சீழும் கட்டினால் நிமோனியா. அந்தப் பைகளைச் சுற்றி ஓடும் ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்புகிறது. நுரையீரலும் விறைத்துப்போவதால் ஆழமாக இழுக்க முடியாது. உடம்பு குட்டிக் குட்டி மூச்சாக வேகமாக இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். ஸ்டெதஸ்கோப்பில் டாக்டருக்குக் கேட்கும் சத்தம் வேண்டுமா? காதோர முடியை இரண்டு விரலுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். மூடிக்கிடந்த நுண்குழல்கள் திறக்கும்போது ஏறக்குறைய அப்படித்தான் நறநறக்கும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமூச்சு, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

பெரியவர்களுக்கு 30 என்பது ஆபத்தான எண். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆக்சிமீட்டர் 92-க்குக் கீழே காட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அந்தக் கருவி தப்பாகக் காட்டலாம். இருமலில் ரத்தம், மூச்சிழுத்தால் நெஞ்சில் குத்தல் என்றாலும் தள்ளிப்போடக் கூடாது.

வயதானவர்களிடம்தான் ஏமாந்துபோவோம். காய்ச்சலே இருக்காது, இருமலும் லேசாக இருக்கும். நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டி, இன்று சோற்றை ஒதுக்கிவிட்டு, மகளைப் பார்த்து "யாரும்மா நீ?" என்று கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சையும் எண்ணுங்கள். எண்ணிக்கை எதுவானாலும் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.